எட்டு வருடம் ஒரே லோன்றி, மூன்று கொம்பனிப் பெயர்: நிலாவெளி வீதியில் ஒரு மேன்பவர் தொழிலாளியின் கணக்கு

போன வருடம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, சாம்பல்தீவிலிருந்து ஒரு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் இரண்டு சீ.ஆர். கொப்பி, ரப்பர் பான்ட் போட்டுக் கட்டிய சம்பளச் சீட்டுகள் கொஞ்சம், படம் மங்கிப்போன ஒரு அடையாள அட்டை.

"தம்பி, ஹோட்டலில இனி வரவேண்டாம் எண்டு சொல்லிட்டாங்க. எட்டு வருசம் வேலை செஞ்சனான். எனக்கு ஏதும் காசு வருமா?"

என்னிடம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் நான்கு வருடம் திருகோணமலை டவுனில் ஒரு மேன்பவர் கொம்பனியில், அதாவது ஹோட்டல் மாதிரியான இடங்களுக்கு ஆள் வழங்குகிற கொம்பனியில், கணக்கு எழுதினேன். அக்காவின் கொம்பனி இல்லை, வேறொன்று. ஆனாலும் இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். 2023இல் அந்த வேலையை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது சம்பளச் சீட்டோடு வருவார்கள், தொழில் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அக்காவின் விஷயத்தை முழுமையாக எழுதுகிறேன், அவர் சம்மதித்துவிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் ஹோட்டலின் பெயரும் கொம்பனிகளின் பெயரும் இங்கே வராது.

அவர் வேலைக்குச் சேர்ந்தது 2017 மே மாதம், கிழக்குக் கரையில் சீசன் சூடுபிடிக்கிற நேரம். நிலாவெளி வீதியில் ஒரு ஹோட்டல், வேலை லோன்றியில். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும், ஐந்தரைக்கே பஸ் பிடிக்க வேண்டும், டவுனிலிருந்து நிரந்தர ஊழியர்களை ஏற்றிவரும் ஹோட்டல் வான் சாம்பல்தீவைத் தாண்டித்தான் போகும், ஆனால் மேன்பவர் ஆட்களை ஏற்றாது. லோன்றியில் இரண்டு பெரிய மெஷின், ஒரு டிரையர், பெட்ஷீட் அழுத்துகிற ரோலர் ஒன்று. ஓகஸ்ட் மாதம் அறைகள் நிரம்பினால் ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் ஷீட் வரும், கடல் மணல் உதறாமல் போட்டால் மெஷின் அடைக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுபோய் உதற வேண்டும். இதைச் சொல்லும்போது அக்கா இரண்டு கையையும் நீட்டி உதறிக் காட்டினார். வலது மணிக்கட்டில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு, ரோலரில் பட்டது. அன்றைக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போன அரை நாளுக்கும் சம்பளம் வெட்டினார்களாம். வேலை செய்யும்போது வரும் காயத்துக்கு 1934இலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இது.

பக்கத்தில் நின்று அதே ஷீட்டை மடிக்கிற பையன் நிரந்தர ஊழியர். அவர் விரல் வைத்து வேலைக்கு ஏறுவார். அக்காவும் மற்ற மேன்பவர் பெண்களும் வாசலில் செக்கியூரிட்டி மேசையில் இருக்கிற தனிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புத்தகத்தை மாதக் கடைசியில் கொம்பனி சுப்பவைசர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாப்பாடு நிரந்தர ஆட்கள் முடித்த பிறகு. அதெல்லாம் பரவாயில்லை தம்பி என்றார் அக்கா. அவரை உறுத்தியது சேவைக் கட்டணம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஹோட்டல் பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று போடுவார்கள். அந்தக் காசு மாதாமாதம் சேர்ந்து, ஊழியர்களுக்குப் பங்கு வைக்கப்படும், இது ஹோட்டல் தொழிலில் எல்லோரும் அறிந்த வழக்கம். சீசனில் ஒரு நிரந்தர ஊழியருக்கு இந்தப் பங்கு அடிப்படைச் சம்பளத்தையே எட்டிப்பிடிக்கும். 2025 ஓகஸ்டில் அந்த லோன்றிப் பையனுக்கு சேவைக் கட்டணமாக மட்டும் 38,000 ரூபாய் கிடைத்தது. அவரே சந்தோஷத்தில் சீட்டைக் காட்டினார். அதே மாதம், அதே மெஷின், அதே ஷீட், அவரைவிட ஐந்து வருடம் முன்னால் வந்த அக்காவுக்கு சேவைக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. விருந்தாளி அந்தப் பத்து வீதத்தைக் கொடுக்கும்போது அது தன் படுக்கையை விரித்தவருக்கும் துவைத்தவருக்கும் போகிறது என்று நினைத்துத்தான் கொடுக்கிறார். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் அதிகம். வழக்கம் என்பதால் சட்டத்தைக் காட்டி இதைக் கேட்பது கஷ்டம், கேட்க வழியில்லாததால்தான் அவ்வளவு இலகுவாக விட்டுவிடுகிறார்கள்.

சரி, சம்பளச் சீட்டுக்கு வருவோம்.

2025 ஓகஸ்ட் சீட்டு என் முன்னால் இருக்கிறது. நாட்சம்பளம் 1,500 ரூபாய், 26 நாள், மொத்தம் 39,000. பார்க்க நல்ல தொகை. ஆனால் அந்த 1,500ஐ இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: அடிப்படை 700, வரவுப்படி 800. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) வெட்டியது அந்த 700க்கு மட்டும். 26 நாளுக்கு 18,200, அதில் தொழிலாளியின் எட்டு வீதம் 1,456. முதலாளியின் பன்னிரண்டு வீதத்தையும் சேர்த்தால் மாதம் 3,640 ரூபாய் நிதிக்குப் போக வேண்டும். முழு 39,000க்கும் கட்டியிருந்தால் 7,800 போயிருக்கும். மாதத்துக்கு 4,160 ரூபாய் அக்காவின் கணக்கில் விழாமல் போகிறது, ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) மூன்று வீதத்தில் விழுகிற துண்டு அதற்கு மேல் தனி. இதில் இன்னொரு குற்றமும் இருக்கிறது. தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 2016இல் 400 ரூபாயாக வந்து, 2021இல் 500, 2024இல் 700 என்று ஏறி, 2025 ஏப்ரலிலிருந்து 1,080 ஆகிவிட்டது. 2026 ஜனவரியிலிருந்து 1,200. ஓகஸ்ட் 2025 சீட்டில் அடிப்படை இன்னும் 700 என்றே நிற்கிறது, யாரும் மாற்றவில்லை.

வரவுப்படி, ஊக்கப்படி, போக்குவரத்துப்படி என்று பெயரைப் பிரிப்பது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சீட்டுகளை நானே அடித்திருக்கிறேன். ஹோட்டலுக்குப் போகிற பில் வேறு மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு, அதன் கீழே முதலாளி பங்கு ஈ.பி.எப். பன்னிரண்டு வீதம், ஈ.டி.எப். மூன்று வீதம், யூனிபோம், கடைசியில் கொம்பனி தனக்கு எடுக்கிற கட்டணம் என்று வரிவரியாக. அந்த வீதங்களை முழு நாட்சம்பளத்துக்கும் போட்டுத்தான் பில் போகும். ஹோட்டல் அதைக் கட்டிவிடும். அப்புறம் ஈ.பி.எப். காசோடு மத்திய வங்கிக்குப் போகிற சீ படிவத்தில் பாதிச் சம்பளம்தான் இருக்கும், சில மாதம் சீ படிவமே போகாது. யூனிபோமுக்கு ஹோட்டலிடமும் காசு வாங்கி தொழிலாளியின் சீட்டிலும் 500 வெட்டுவோம். நான் வேலை செய்த இடத்தில் இப்படித்தான் நடந்தது. நான் கேட்டபோது "இது எல்லாரும் செய்யிறதுதான்" என்று பதில் வந்தது, நானும் அதோடு பேசாமல் இருந்த மாதங்கள் நிறைய. அந்தப் பில்லையும் அந்தச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் கணக்கு எழுதுகிறவர்தான், தொழிலாளி பில்லைப் பார்ப்பதில்லை, ஹோட்டல் சீட்டைப் பார்ப்பதில்லை.

இனி மூன்று பெயர்களின் கதை. இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு.

2017 மே முதல் அக்கா முதலாவது கொம்பனியின் ஆள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு நிலாவெளி, உப்புவெளி எல்லாம் வெறிச்சோடின, "கூப்பிடும்போது வாங்க" என்று அனுப்பினார்கள், சில மாதம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. நவம்பரில் திரும்பக் கூப்பிட்டபோது வாசலில் ஒரு புதுப் படிவம், ஆங்கிலத்தில். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். அன்றிலிருந்து இரண்டாவது கொம்பனியின் ஆள். டீஷேர்ட் நிறம் மாறியது. சுப்பவைசர் மாறவில்லை, அவருடைய தொலைபேசி இலக்கமும் மாறவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த நேரம், வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடவோ அதைக் கொடுப்பது என்று முதலாளிமார், தொழிற்சங்கம், அரசாங்கம் மூன்று தரப்பும் உடன்பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஹோட்டலின் நிரந்தர ஊழியர்களுக்கு அது கிடைத்தது. அக்காவுக்கு ஹோட்டல் கொம்பனியைக் காட்டியது, கொம்பனி தொலைபேசியை எடுக்கவில்லை. வீட்டில் இடியப்பம் அவித்து விற்று அந்த மாதங்களைக் கடத்தினார்.

2022 ஜூன், பெற்றோல் வரிசை நீண்டு கிடந்த காலம், மூன்றாவது படிவம். மூன்றாவது பெயர். திரும்பவும் அதே சுப்பவைசர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற முதலாளியிடம் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, வேலை முடியும்போது கொடுக்கிற பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். அக்கா ஒரே முதலாளியிடம் எட்டு வருடம் என்று எடுத்தால் 14 நாள், 1,500 ரூபாய், எட்டு வருடம், மொத்தம் 168,000 ரூபாய். கொம்பனி கொம்பனியாகப் பிரித்தால் இரண்டரை வருடம், இரண்டரை வருடம், மூன்று வருடம். ஒன்றுமே ஐந்தைத் தொடவில்லை. பூச்சியம். இது தற்செயலாக நடந்தது என்று நான் நம்பவில்லை. நான் இருந்த கொம்பனியில் ஒரு எக்செல் தாள் இருந்தது, அதில் மூன்று வருடம் தாண்டிய ஆட்களின் வரிசைக்கு மஞ்சள் நிறம் போடச் சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை.

அக்காவிடம் நான் முதலில் சொன்னது, தொழில் அலுவலகத்தில் கொம்பனியின் பெயரை மட்டும் எழுதாமல் ஹோட்டலின் பெயரையும் எழுத வேண்டும் என்பது. அவர் பயந்தார். "கொம்பனிதானே தம்பி சம்பளம் தந்தது, ஹோட்டல் பேரை எழுதினா ஊரில வேற எங்கயும் எடுக்க மாட்டாங்களே." நியாயமான பயம்தான், நிலாவெளி வீதியில் சுப்பவைசர்மார் ஒருவரையொருவர் அறிவார்கள். ஆனால் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் முதலாளி என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கிற பொருளை வாசித்துக் காட்டினேன். ஒருவரை வேலைக்கு வைப்பவர் மட்டுமில்லை, யாருக்காக இன்னொருவர் ஆள் வைக்கிறாரோ அவரும் முதலாளி, இன்னொருவருக்காக ஆள் வைத்துக் கொடுப்பவரும் முதலாளி. எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பே, மேன்பவர் என்ற சொல் இந்தப் பக்கம் வராத காலத்திலேயே, அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது. தொழில் நியாய சபையும் நீதிமன்றங்களும் இப்படியான விஷயத்தில் பார்க்கிறது படிவத்தின் தலைப்பை மட்டும் இல்லை: வேலையை யார் சொன்னார், எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் கட்டுப்படுத்தினார், யாருடைய மெஷின், அந்த வேலை அந்த இடத்தின் தொழிலில் ஒட்டிய வேலையா என்பதெல்லாம் வரும். ஹோட்டலில் துணி துவைப்பது ஒட்டாத வேலை என்று யார் சொல்ல முடியும்?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற முகவருக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி குவைத்துக்குப் போவதென்றால், முகவருக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்க ஒரு இடம் இருக்கிறது. அதே தங்கச்சி பஸ் ஏறி நிலாவெளிக்கு வேலைக்குப் போனால், உள்ளூரில் ஆள் வழங்கும் கொம்பனிக்கென்று அப்படியொரு பணியகம் இல்லை. பக்கத்தில் இந்தியாவில் 1970இல் கொண்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று நேரடியாக எழுதிவிட்டது. நமக்கு அந்த ஒரு வரி இருந்தாலே பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

முறைப்பாட்டை செப்டம்பர் கடைசியில் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு பகுதி: ஒன்று ஈ.பி.எப்., ஈ.டி.எப். குறைநிலுவை, மற்றது பணிக்கொடை. வேலைநீக்கத்துக்குத் தொழில் நியாய சபைக்குத் தனியாகப் போக வேண்டும், அதற்கு ஆறு மாதம்தான் காலம், ஓகஸ்ட் 31 நிறுத்தினார்கள் என்றால் பெப்ரவரி முடிய முன்னம் போட்டாக வேண்டும். தொழில் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் ஜனவரியிலேயே போட்டுவிட்டோம், ஹோட்டல் முதலாம் எதிர்மனுதாரர், மூன்றாவது கொம்பனி இரண்டாம் எதிர்மனுதாரர்.

ஈ.பி.எப். கணக்கை எடுத்துப் பார்த்தபோது முதலாவது கொம்பனி ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. இரண்டாவது பதினொரு மாதம் கட்டியிருந்தது. மூன்றாவது மாதாமாதம் கட்டியிருந்தது, ஆனால் பாதிச் சம்பளத்துக்கு. அதுவும் இரண்டாவது கொம்பனி பழைய அடையாள அட்டை இலக்கத்திலும் மூன்றாவது கொம்பனி பன்னிரண்டு இலக்கப் புதிய இலக்கத்திலும் பதிந்திருந்ததால், ஒரே ஆள் இரண்டு ஆளாக நின்றார். அதைச் சேர்க்கவே இரண்டு தடவை அலைய வேண்டி வந்தது. உங்கள் பீ அட்டையில் (ஈ.பி.எப். அங்கத்தவர் அட்டை) இருக்கிற பெயரையும் இலக்கத்தையும் இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தொழில் அலுவலகத்தில் முதல் விசாரணை நவம்பர் கடைசியில், டித்வா புயல் வெள்ளத்தில் அது தள்ளிப்போனது. இரண்டாவது தவணைக்குக் கொம்பனி வரவில்லை. மூன்றாவதுக்கு ஒரு இளைஞர் வந்து, "வரவுப்படி சம்பளம் இல்லை, வந்தால் மட்டும் கொடுக்கிற ஊக்கம்" என்றார். நாட்சம்பளக்காரருக்கு அடிப்படையும் வந்தால் மட்டும்தானே கொடுக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அக்கா அங்கேதான் கொப்பியை எடுத்து வைத்தார். எட்டு வருடமும் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் திகதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், பஸ் காசு. சீசன் இல்லாத ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அவர் வேலைக்கே வரவில்லை, சேவை முறிந்துவிட்டது என்று ஹோட்டல் தரப்பு சொல்லியிருந்தது. அந்த மாதங்களிலும் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று கொப்பியில் இருக்கிறது. கூடவே ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், நாளைக்கு ஐந்தரைக்கே வாங்க, திரை எல்லாம் கழற்ற வேண்டும் என்று. வேலை சொன்னது ஹோட்டல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

மார்ச் மாதம் மூன்றாவது கொம்பனி ஈ.பி.எப். குறைநிலுவையை மிகைக் கட்டணத்தோடு கட்டியது, இரண்டு தவணையாக. கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் போகும், தண்டப்பணம் மாதிரி அறவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முதலாவது கொம்பனியின் முகவரியில் இப்போது ஒரு தொலைபேசித் திருத்தும் கடை இருக்கிறது. 2017 முதல் 2019 வரைக்கான காசை யாரிடம் வாங்குவது என்பது ஹோட்டல் முதலாளியா இல்லையா என்ற கேள்வியோடு தொங்குகிறது, பணிக்கொடையும் அப்படித்தான்.

சாட்சி சொல்ல நிரந்தர ஊழியர் யாரும் முன்வரவில்லை, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. வந்தவர் ஒருவர்தான். லோன்றியின் பழைய பொறுப்பாளர், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள ஐயா, ஓய்வுபெற்று மூன்று வருடம். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு தொலைபேசி எடுத்தார், அவர் அடுத்த நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். 2017இல் ரோலரை இயக்கப் பழக்கியது நான், லீவு கேட்டால் கொடுத்தது நான், கொம்பனிக்காரன் மாதத்துக்கு ஒருநாள்தான் வருவான் என்று சொன்னார். சொல்லிவிட்டு தன் பழைய டயரியிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். 2018 ஓகஸ்ட் வேலைப் பட்டியல், ஹோட்டலின் பெயர் அச்சிட்ட தாளில், அவருடைய கையெழுத்தில். நிரந்தர ஆட்களின் பெயர்களுக்கு நடுவில் நான்காவதாக அக்காவின் பெயர் இருக்கிறது. கொம்பனியின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

அடுத்த தவணை ஜூலையில். ஹோட்டல் தரப்புச் சட்டத்தரணி அந்தப் பட்டியலின் மூலப்பிரதியைக் கேட்டிருக்கிறார், ஐயா தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா இப்போது உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் துணி துவைக்கிறார். நாள் காசு கையில், சீட்டு இல்லை. மூன்றாவது சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறார்.